புது மூக்கு

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படகுத்துறையில். முன்பின் தெரியாத ஒருவருடைய படகில், இன்ஜின் பெட்டிக்குள் தலையை விட்டுக் குனிந்து நின்றபோது.

சிரிக்காதீர்கள் கண்ணுகளா. நான் காற்று வாங்கப் போனவள். கரையோரம் சும்மா நின்ற என்னைப் பார்த்து அந்தப் படகுக்காரர், “அம்மா, ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன். உங்க மூக்கு கொஞ்சம் வேணும்” என்றார். இத்தனை வயதுக்குள் என்னிடம் குடை கேட்டிருக்கிறார்கள், ஏணி கேட்டிருக்கிறார்கள், சாட்சிக் கையெழுத்துகூடக் கேட்டிருக்கிறார்கள். மூக்கை யாரும் கேட்டதில்லை.

“எதுக்குப்பா?”

“பெட்ரோல் வாடை வருதான்னு மோந்து பாக்கணும்மா. நாங்க விடிஞ்சதுலேர்ந்து இதுக்குள்ளயே கெடக்கோம். எங்க மூக்கு செத்துப்போச்சு. வெளியிலேர்ந்து வர்றவங்களுக்குத்தான் தெரியும். புது மூக்குன்னு சொல்லுவோம்.”

“படகுல ஏறி உக்காந்திருக்காங்களே, அவங்களைக் கேக்கிறது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஏறினவங்ககிட்ட கேட்டா எறங்கிடுவாங்கம்மா.”

குனிந்து மோந்தேன். எண்ணெய், ஈரக் கயிறு, சூடான ரப்பர். “ஒண்ணும் இல்லப்பா” என்றேன். அவர் சாவியைத் திருகினார். படகு போயிற்று.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. என் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்படிப்பட்ட மூக்கை நம்பி ஒரு படகு நிறைய ஆட்கள் போகிறார்கள். படகு திரும்பி வரும்வரை துறையின் கம்பியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. திரும்பி வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

பயம் மட்டும் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு எதிரே உட்காருகிறது. அது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: கூப்பிட்ட மூக்கு பொய் சொல்லியிருந்தால்?

2

இனி, எழுத முயன்றதைச் சொல்கிறேன். முதல் தொடக்கம் இது:

“நீலத் தண்ணீரில் வெள்ளைப் படகு அன்னம் போல மிதந்துகொண்டிருந்த அந்த இனிய காலை…”

[அடித்துவிட்டேன். அன்னத்தை நான் பார்த்ததில்லை. இனிய காலையும் இல்லை.]

இரண்டாவது:

“பெட்ரோல் ஆவியானது காற்றைவிடக் கனமானது. ஆகவே அது…”

[இதையும் அடித்தேன். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த விஷயம் தெரியாமல் உங்களுக்குப் பயம் வராது. அதனால் என் வழியில் சொல்கிறேன்.]

அடுப்புப் புகை மேலே போகும். பெட்ரோல் ஆவி கீழே போகும். கொட்டிய தண்ணீர் பள்ளம் தேடுவதுபோல அதுவும் பள்ளம் தேடும். மோட்டார் சைக்கிளில் கசிந்தால் தெருவில் வழிந்து காற்றோடு கலந்துவிடும். படகில் எங்கே போகும்? படகின் அடியில் ஓட்டை கிடையாது. ஓட்டை இருந்தால் அது படகாக இருக்காது. ஆகவே அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்போல அடிவயிற்றில் தேங்கி நிற்கும். அதன் நடுவில்தான் இன்ஜின் இருக்கிறது. சாவியைத் திருகினால் ஒரு சின்னப் பொறி போதும்.

அதனால்தான் படகுக்காரர்கள் சாவியைத் திருகுமுன் ஒரு ஃபேனைப் போட்டு அடிவயிற்றுக் காற்றை வெளியே தள்ளுவார்கள். அதன் பிறகும் மூக்கை வைத்துப் பார்ப்பார்கள். ஃபேனை நம்பலாம். ஆனால் ஃபேன் பேசாது.

டேங்குக்கும் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. டேங்கிலிருந்து புறப்பட்டு, படகின் பக்கச் சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டையாக வெளியே வந்து நிற்கும். பெட்ரோல் ஊற்றும்போது உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியே போகும். வெயிலில் பெட்ரோல் பொங்கினால் அந்த ஆவியும் அதன் வழியாகத்தான் போகும். வெட்டவெளியில் போனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்த வழி அடைபட்டால் அது வேறு வழி தேடும்.

மூன்றாவது தொடக்கம் ஒரே வரி:

“அக்கா சோப்பைப் பிசைந்தாள்.”

இதை நான் அடிக்கவில்லை. கதை இங்கேதான் ஆரம்பம்.

3

அக்கா சோப்பைப் பிசைந்தாள். துணி துவைக்கும் வெள்ளைச் சோப்பு. ஈரக்கையில் உருட்டி, மாவு பதத்துக்கு வந்ததும் படகின் பக்கச் சுவரில் இருந்த அந்த ஓட்டைக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மேலே துருத்தியதை வழித்து, சுவரோடு சுவராக நீவிவிட்டாள். வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சோப்பு. யாருக்கும் தெரியாது.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படகு அவளுடைய தம்பியுடையது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி, தீவு வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அவன் தொழில். அக்கா புருஷன் வீட்டிலிருந்து வந்து தம்பி வீட்டில் இருக்கிறாள். படகைக் கழுவுவது, இருக்கைகளைத் துடைப்பது, லைஃப் ஜாக்கெட்டுகளை அலசிக் காயப்போடுவது அவள் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. சும்மா சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று அவளாக எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் அந்த ஓட்டை கொஞ்சம் துப்பும். சுவரில் மஞ்சளாக வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். தம்பி மனைவி அதைப் பார்க்கும்போதெல்லாம், “எச்சில் வடிச்ச வாய் மாதிரி இருக்கு அண்ணி. இதைப் பாத்துட்டு எவன் ஏறுவான்?” என்பாள். அக்கா தேய்ப்பாள். மறுநாள் மறுபடியும் வழியும்.

புருஷன் வீட்டில் மோட்டார் சைக்கிள் டேங்க் ஒழுகியபோது சோப்பை அப்பி நிறுத்தியதை அவள் பார்த்திருக்கிறாள். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது.* அந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த உருப்படியான பொருள் அந்த ஒரு யோசனைதான்.

அடுத்த தடவை பெட்ரோல் நிரப்பியபோது சுவர் வழியவில்லை. தம்பி மனைவி பார்த்தாள். நின்று பார்த்தாள். “அட, இன்னைக்கு பளிச்சுன்னு இருக்கே! என்ன அண்ணி மாயம் பண்ணீங்க?”

“நல்லா தேய்ச்சேன்.”

“இப்படியே பாத்துக்கோங்க.”

அந்த வீட்டுக்கு வந்தபிறகு அக்காவுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அவள் அதை வாயில் போட்டு மிட்டாய் மாதிரி அடக்கிக்கொண்டாள்.

* இதைப் படித்துவிட்டு யாரும் எதிலும் சோப்பை அப்பிவிடாதீர்கள். நான் கதை சொல்கிறவள். என்னிடம் வைத்தியமும் கிடையாது, ரிப்பேரும் கிடையாது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன்.

முதலில் நான் தம்பி மனைவியைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். இடுப்பில் சாவிக்கொத்து, நாக்கில் தேள். அவள் பேச்சு நன்றாக வந்தது, அதுதான் ஆபத்து. நான் எழுதியதைத் தையல் கடை மாடியில் வாசித்துக் காட்டுவது வழக்கம். கீழே மெஷின் ஓடும், மேலே நான் ஓடுவேன். வழக்கமாக வருகிறவர்களில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் உண்டு. கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அந்தம்மா இவ்வளவு கெட்டவங்களா இருந்தா எனக்குப் பயமே இல்லீங்க. படகு வெடிச்சா வெடிக்கட்டும்னு ஆயிடுதே.”

அவர் சொன்னது சரி. அடித்துவிட்டேன். அந்தப் பெண் பொல்லாதவள் இல்லை. இரண்டு அறை வீட்டில், ஓர் அறையைப் புருஷனுடைய அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, இன்னோர் அறையில் எல்லாரும் படுத்துக்கொள்கிறவள். களைத்துப்போனவள். களைப்பில் வாய் நீள்கிறது, அவ்வளவுதான்.

தம்பியும் கெட்டவன் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. சில மாதங்களுக்கு முன் அக்கா படகைக் கழுவும்போது சுவிட்சுப் பலகை மேலும் தண்ணீரை ஊற்றிவிட்டாள். சீசன் நேரம். படகு கரையில் கிடந்தது. அப்போது தம்பி கத்தினான்: “அக்கா, இன்னொரு தடவை என்னைக் கேக்காம படகுல எதையாவது நோண்டினே, மாமா வீட்டுலயே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்.”

கோபத்தில் சொன்னதா, மனதிலிருந்து சொன்னதா? அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தம்பியைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அந்த மாமா வீட்டைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அடி, உதை, அழுகை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: அங்கே அவள் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

தம்பி வீட்டில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்குகிற அறைதான் அவளுக்கு. எப்போதும் ஈர வாடை. ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. அவள் அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

5

இனி அந்த நாள்.

காலையில் தம்பி பெட்ரோல் நிரப்பினான். சில நாளாக லேசாகக் குமுறிக்கொண்டிருந்த டேங்கின் வாய் அன்று திரும்பித் துப்பியது. பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டான். மெக்கானிக்கை அந்தத் துறையில் ஸ்பேனர் என்பார்கள். ஆளும் அப்படித்தான், ஒல்லி, தலை மட்டும் பெரிது. அக்கா அப்போது பின்னிருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா இது, குழந்தை பால் கக்குற மாதிரி கக்குது?”

ஸ்பேனர் அங்கிருந்தபடியே தலையை நீட்டினான். “மூச்சுக்குழாய் அடைச்சிருக்கும்ணே. குளவி ஏதாச்சும் கூடு கட்டியிருக்கும். போன வருஷம் ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆச்சு.”

“அடைச்சா என்ன ஆவும்?”

“உங்களுக்கு மூக்கையும் வாயையும் பொத்தினா என்ன ஆவும்?”

“ஏன்டா, காலங்காத்தால!”

“இல்லண்ணே, நெசமாத்தான். வெயில் ஏற ஏற டேங்கு உப்பும். எந்த ஹோஸ் பழசோ அதுல பிச்சுக்கிட்டு வெளிய வரும். உள்ளுக்குள்ளயே. அப்புறம் நீங்க சாவியத் திருகுவீங்க. தீவுக்கு நேரா போய் எறங்கிடலாம், படகு இல்லாமலே.”

தம்பி சிரித்தான். ஸ்பேனரும் சிரித்தான். அக்கா துடைத்த இடத்தையே துடைத்தாள்.

“வந்து பாருடா.”

“இந்தக் கையக் கழுவிட்டு வர்றேன். இல்லன்னா சாயங்காலம் பாக்கட்டுமா?”

“சாயங்காலமே பாரு. இப்ப ஆளுங்க வந்துருவாங்க.”

[இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். சாயங்காலம் என்ற அந்தச் சொல்லை மாற்றி, ‘இப்பவே வர்றேண்ணே’ என்று எழுதிவிட்டால் எல்லோரும் பிழைத்தார்கள். கதையும் முடிந்தது. எழுதியும் பார்த்தேன். ஸ்பேனர் வர மறுத்துவிட்டான். அவன் கையில் வேறு வேலை இருந்தது. வேலையில் இருப்பவனை நகர்த்த எனக்கு அதிகாரம் போதவில்லை.]

அக்கா என்ன செய்தாள்? வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். துறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் வீடு. லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடியில் போட்டாள். கை தானாகப் போட்டது. மனதில் ஒரே எண்ணம்: தம்பி சாப்பிட வரும் நேரம் பார்த்து ஓடிப்போய் அதைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். சோப்பைத் தோண்ட ஊசி போதும். யாருக்கும் தெரியாது. குளவி போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

தம்பி அன்று சாப்பிட வரவில்லை. தம்பி மனைவிதான் சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். “இன்னைக்கு நானும் தீவு வரைக்கும் போய்ட்டு வர்றேன் அண்ணி. கல்யாணம் ஆனதுலேர்ந்து படகுக்காரன் பொண்டாட்டின்னு பேரு, படகுல ஏறினதே இல்ல” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

6

வந்தவர்கள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்கள். கடைக்கு விடுமுறை. முதலாளி, அவருடைய மாமியார், இரண்டு கண்ணாடி தேய்ப்பவர்கள், கணக்கெழுதும் பெண், இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோரும் படகின் முன்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்காற்று அடித்தது. பின்னால் இருப்பது எதுவும் அவர்களுக்கு வாடையாக வராது.

[அவர்களோடு ஒரு குழந்தையையும் ஏற்றியிருந்தேன். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுக்குள் முகம் மட்டும் தெரியும் குழந்தை. பிறகு இறக்கிவிட்டேன். குழந்தையைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவது மலிவான வேலை. பெரியவர்களும் எரிவார்கள்.]

மாமியார் மட்டும் கேட்டார்: “தம்பி, இது கவுந்துராதே?”

“கவுராதும்மா.”

“நீந்தத் தெரியுமா உனக்கு?”

“எனக்குத் தெரியும்மா.”

“எனக்குத் தெரியாதே!”

“நீங்க ஏன்மா நீந்துறீங்க? உக்காந்து வாங்க.”

கடைக்காரர்கள் சிரித்தார்கள். தம்பி ஃபேனைப் போட்டான். அது உறுமியது. தனக்கு நேர் பின்னால் இருந்த இன்ஜின் பெட்டி மூடியைத் திறந்து, குனிந்து, மோந்து பார்த்தான். காலையிலிருந்து பெட்ரோலில் நின்ற மூக்கு. ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மனைவிக்கு ஜலதோஷம்; நிமிர்ந்து கரையைப் பார்த்தான், புது மூக்கு ஏதாவது அகப்படுமா என்று.

அந்த நேரத்தில்தான் அக்கா ஓடிவந்தாள். முந்தானையில் ஊசி. துறைக்கு வந்து பார்த்தால், ஆட்கள் ஏற வசதியாகத் தம்பி படகைத் திருப்பிக் கட்டியிருக்கிறான். சோப்பு வைத்த பக்கம் இப்போது தண்ணீர்ப் பக்கம். கரையிலிருந்து கை எட்டாது. எட்டிக் குனிந்தால் படகு முழுக்கப் பார்க்கும்.

“அக்கா! நல்ல நேரத்துல வந்தே. வா வா, கொஞ்சம் மோந்து பாரு.”

[இத்தனை நாள் இந்தக் கதையோடு கிடந்ததில் என் மூக்கும் செத்துவிட்டது என்று நினைக்கிறேன். எந்த வரி பயமாக இருக்கிறது, எந்த வரி வெறும் சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மாடியில் வாசித்துக் காட்டுவதே இதற்காகத்தான்.]

7

அக்கா படகில் இறங்கினாள். தம்பி மனைவி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுகிற இருக்கைக்குப் பக்கத்தில், புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். “பாருங்க அண்ணி, உங்க தம்பி எனக்கு முன் சீட்டு குடுத்திருக்காரு” என்றாள்.

அக்கா குனிந்தாள்.

வாடை முகத்தில் அறைந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. தித்திப்பும் காரமுமாய், கண்ணை எரிக்கிற வாடை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது தள்ளத் தள்ள உள்ளே எங்கோ புதிதாக வந்துகொண்டிருந்தது. பழைய ஹோஸ் ஒன்று எங்கோ வியர்த்துக்கொண்டிருந்தது. அவள் மூடிய வாய் இன்னொரு வாயைத் திறந்துகொண்டது.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பதில் சொல்ல வேண்டும்.

மாடியில் வாசித்துக்கொண்டிருந்த நான் இங்கே நிறுத்தினேன். கீழே தையல் மெஷின் நின்றிருந்தது. தையல்காரர் நூல் கோத்த ஊசியோடு மாடிப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

“சொல்லித் தொலைங்கம்மா, நெஞ்சு படபடங்குது” என்றாள் முன்வரிசையில் இருந்த நர்ஸ்.

“இதுல என்ன இருக்கு?” என்றார் தையல்காரர். “வாடை வருதுன்னு சொல்லட்டுமே. சோப்பைப் பத்திச் சொல்ல வேணாம். வாடைய மட்டும் சொன்னாப் போதும்ல?”

அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் பாருங்கள், வாடை என்று சொன்ன மறுநொடி தம்பி என்ன செய்வான்? பக்கத்துப் படகைப் பார்த்து, “டேய் ஸ்பேனர்!” என்பான். ஸ்பேனர் நேரே மூச்சுக்குழாய்க்குத்தான் போவான். காலையிலேயே சொன்னவன் அவன். அங்கே குளவி இருக்காது. துணி துவைக்கும் சோப்பு இருக்கும், அதில் ஒரு கட்டைவிரல் நீவிய தடம் இருக்கும். அந்தப் படகை அந்தச் சோப்பால் கழுவுகிறவள் ஒருத்திதான். கடைக்காரர்கள் முன்னால், தம்பி மனைவி முன்னால், அது வெளியே வரும். வாடை என்ற சொல்லுக்குப் பின்னால் சோப்பு தானாக வந்து நிற்கும்.

“அப்போ தண்ணில குதிச்சிரட்டும்!” என்றார் தையல்காரர். “மயக்கம் போட்டு விழுந்துரட்டும்! போறது நின்னுரும்.”

“மயக்கம் போட்டவளைக் கரையில படுக்க வெச்சுட்டுப் படகு போயிடும்” என்றாள் நர்ஸ். “நான் பாத்திருக்கேன் இந்த மாதிரி ஆளுங்களை.”

கண்டக்டர் மெதுவாகக் கேட்டார். “ஏம்மா, வாடை இருந்தா கண்டிப்பா வெடிச்சிருமா?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

இல்லை. கண்டிப்பாக வெடிக்காது. ஃபேன் கொஞ்சம் தள்ளியிருக்கலாம். பொறி ஆவி இல்லாத இடத்தில் விழலாம். படகு கிளம்பிவிட்டால் பெட்ரோல் இறங்கும், காற்று உள்ளே வரும், எல்லாம் போய்விடலாம். இப்படி எத்தனையோ படகுகள் எத்தனையோ நாள் போய்த் திரும்பியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

“அப்போ…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நர்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம்தான் இன்ஜின் பெட்டிக்குள் அக்காவின் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் ஆகாது. அநேகமாக ஒன்றும் ஆகாது. சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக எடுத்துவிடலாம்.

8

மூன்று முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அக்கா நிமிர்ந்து சொல்லிவிடுகிறாள். எல்லோரும் இறங்குகிறார்கள். ஸ்பேனர் சோப்பைத் தோண்டி எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறான். மாமியார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு… [இதற்கு மேல் எழுதவில்லை. மாமியார் கையைப் பிடிப்பார். ஆனால் அவர் சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அக்கா அன்று எந்த வீட்டுக் கதவின் பின்னால் தூங்கினாள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. தம்பி மன்னித்தான் என்று எழுதினால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். மன்னிக்கவில்லை என்று எழுதினால், இதைக் கேட்கிற ஒருத்தி அடுத்த தடவை வாயைத் திறக்கமாட்டாள்.]

இன்னொன்றில் “ஒண்ணும் இல்ல” என்கிறாள். தம்பி சாவியைத் திருகுகிறான். வெடி… [முடிக்கவில்லை. என்னால் முடியாது. தூக்கில் இருந்த சோறு என்ன ஆயிற்று என்றுதான் மனம் போகிறது.]

மூன்றாவதில் அதே பொய், சாவி, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறார்கள். அக்கா ஊசியால் சோப்பைத் தோண்டி எடுத்துத் தண்ணீரில் போடுகிறாள். யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடுகிறது. மறுநாள் சுவர் வழிகிறது. தம்பி மனைவி முகம் சுளிக்கிறாள். தம்பி கூப்பிடுகிறான்: “அக்கா, மோந்து பாரு.”

எனக்கு அதிகப் பயம் இந்த மூன்றாவதிடம்தான். நடக்கக்கூடியது அதுதான் என்பதால். அன்று படகுத்துறையில் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள்.

மூன்றையும் கிழித்துவிட்டேன். அவள் இன்னும் குனிந்துதான் இருக்கிறாள். ஃபேன் உறுமுகிறது. கடை முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மாமியார், “கெளம்பலியா தம்பி?” என்கிறார். தம்பி மனைவி தூக்கைத் திறந்து மூடி, “சோறு ஆறுதுங்க” என்கிறாள். தம்பியின் கை சாவிமேல் இருக்கிறது.

இதை எழுதுகிறவள் நான். அக்காவை நிமிர்த்துவதுவரைதான் என் வேலை. நிமிர்த்திவிட்டேன். கண்ணில் நீர். வாடையால் வந்த நீரா என்று தம்பிக்குத் தெரியவில்லை.

“என்னக்கா?” என்கிறான். “இருக்கா, இல்லையா?”

அவள் வாயில் போட என்னிடம் சொல் இல்லை கண்ணுகளா. இதுவரை படித்தவர்கள் நீங்கள். தாழ்ப்பாளும் தெரியும், படகில் இருப்பவர்களும் தெரியும். அவள் இடத்தில் நின்று பதில் சொல்லுங்கள்.

சத்தமாகச் சொல்லுங்கள். ஃபேன் ஓடுகிறது, மனதுக்குள் சொன்னால் அவனுக்குக் கேட்காது.